முதலில் பஸ், அப்புறம் நடை

காரில் போய் மலைப்பாதையில் நடக்கிறவர்களுக்கு ஒரு கால்கட்டு உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினார்களோ அங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் அவர்கள் நடை ஒன்று வட்டமடிக்கும், இல்லையென்றால் போன வழியிலேயே திரும்பும். பஸ்ஸில் போகிறவருக்கு இது கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, முகட்டைத் தாண்டி, மறுபக்கம் ஏதோ ஒரு ஊரில் வேறொரு பஸ் பிடித்து வந்துவிடலாம். பஸ்ஸில் ட்ரெக்கிங் போவதை, கார் இல்லாதவர்கள் வேறு வழியில்லாமல் செய்வது என்பது போலப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. நீளமான நல்ல பாதைகள் பலவும் ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிகிறவைதான், அவற்றுக்கு பஸ்தான் சரி.

ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான கட்டடங்கள்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் அதன் நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் கன்ட்ரி பார்க் என்று பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. டிராகன்ஸ் பேக் என்ற முகட்டுப் பாதைக்கு ஷௌ கெய் வான் என்ற இடத்தில் 9ஆம் எண் பஸ் ஏறி, டோ டெய் வான் நிறுத்தத்தில் இறங்கினால் பாதை அங்கேயே ஆரம்பித்துவிடும். உச்சி 284 மீட்டர்தான், இரண்டு பக்கமும் கடல் தெரியும். நடந்து முடிக்கிற இடம் பிக் வேவ் பே கடற்கரை, அங்கிருந்து மினிபஸ். ஏறிய இடமும் இறங்கிய இடமும் வேறு வேறு, அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

அதே ஹாங்காங்கில் மெக்லஹோஸ் பாதை 100 கிலோமீட்டர், 1979இல் திறந்தது, 10 பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பிரிவு என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் முதல் பிரிவிலேயே மாட்டிக்கொள்வோம். அது முடிகிற லோங் கே கடற்கரைக்கு பஸ் கிடையாது. இரண்டாம் பிரிவையும் சேர்த்து நடந்து பாக் டாம் ஆவ் வந்தால்தான் 94ஆம் எண் பஸ், இரண்டும் சேர்ந்து 24 கிலோமீட்டர் சொச்சம். பாதையைப் பிரித்தவர்கள் ஒரு கணக்கில் பிரித்திருப்பார்கள், பஸ் வேறு கணக்கில் ஓடும். அதனால் பிரிவு எண்ணைப் பார்க்காமல், பாதை எங்கெங்கே பஸ் ஓடும் சாலையைத் தொடுகிறது அல்லது குறுக்கே வெட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்கு நடுவில் இருப்பதுதான் உங்களுடைய பிரிவு. மழை பிடித்தாலோ முட்டி வலித்தாலோ தப்பித்து வருகிற வாசல்களும் அவைதான்.

எந்தத் திசையில் நடப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு முனையில் ரயில் நிலையமோ, அரைமணிக்கு ஒரு பஸ்ஸோ இருக்கும், மறுமுனையில் ஒரு நாளைக்கே மூன்று பஸ்தான். கைகாட்டிப் பலகை எந்தப் பக்கம் காட்டினாலும் சரி, காலையில் முதலில் அந்த மூன்று பஸ் ஊருக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து அடிக்கடி பஸ் வரும் பக்கமாக நடந்து வாருங்கள். வரப்போகிற பஸ்ஸுக்காக நடையை ஓட்டமாக்க வேண்டியதில்லை, மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கார் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம். நடை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, பஸ்ஸில் தொடக்கத்துக்குப் போய், காரை நோக்கி நடந்து வந்தால் போதும்.

இந்த வகையில் பாதைக்குப் பக்கத்திலேயே கூட ஓடுகிற பஸ் கிடைத்தால் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்வேன். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் ஓரமாக 135 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டு கி.பி. 122. அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸுக்கு ஏடி122 என்றே பெயர் வைத்துவிட்டார்கள், வரலாறு படித்த யாரோ போக்குவரத்துத் துறையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட பஸ்களின் அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். சுற்றுலாக் காலத்தில் ஓடியதைப் பார்த்துவிட்டு மற்ற மாதத்தில் போய் நின்றால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அட்டவணை படிப்பது தனிக் கலை. கிராமத்து பஸ்ஸில் முக்கியமான செய்தி நேரத்தில் இருக்காது, அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: பள்ளி நாட்களில் மட்டும், சனி ஞாயிறு கிடையாது, முன்கூட்டிச் சொன்னால் மட்டும் வரும். நாம் நடக்கப் போவதோ பெரும்பாலும் விடுமுறை நாளில். ஆகவே செயலியில் பார்க்கும்போது இன்றைய தேதியை வைத்துப் பார்க்காதீர்கள், போகிற தேதியைக் கொடுத்துத் தேடுங்கள். வெளியே போகும் பஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு, திரும்புவதும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடவும் கூடாது. போகும் பஸ் ஒரு நிறுவனம், திரும்பும் பஸ் இன்னொரு நிறுவனம் என்றால் போக வர டிக்கெட் பயன்படாது, நாள் முழுதும் செல்லும் பாஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. இந்தத் தலைவலியே இல்லாத நாடு லக்சம்பர்க். ரயிலில் முதல் வகுப்பு தவிர, நாடு முழுக்க எல்லாப் பொதுப் போக்குவரத்தும் 2020 முதல் இலவசம். பாறை இடுக்குகளுக்குள் புகுந்து போகும் 112 கிலோமீட்டர் முல்லர்தால் பாதையையும் அதே நாட்டில் வைத்திருக்கிறார்கள், பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, நேரம் எவ்வளவு ஆகும்? 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெட்ரிக்கில் தோராயமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 12 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்று மணி இருபத்து நாலு நிமிடம். இதில் உட்காருவது, சாப்பிடுவது, படம் எடுப்பது, வழி தப்பித் திரும்புவது எதுவும் சேராது. நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டி நாலரை மணி என்று வைத்துக்கொள்வேன், செங்குத்தான இறக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம். சுவிட்சர்லாந்தில் இந்தக் கணக்கை உங்களுக்காக அவர்களே போட்டுவிடுகிறார்கள். அங்கே குறியிட்ட நடைபாதைகள் மட்டும் சுமார் 65,000 கிலோமீட்டர். மஞ்சள் பலகையில் தூரத்துக்குப் பதிலாக நேரம் எழுதியிருக்கும், எங்கே பஸ், ரயில் கிடைக்கும் என்று குட்டிப் படமும் இருக்கும். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துப் போட்ட நேரம் அது, ஓய்வு சேர்க்காதது. நெய்ஸ்மித்தை விட நியாயமான ஆட்கள்.

இந்த நேரத்தைக் கடைசி பஸ்ஸிலிருந்து கழிக்காதீர்கள், கடைசிக்கு முந்தின பஸ்ஸிலிருந்து கழியுங்கள். கடைசி பஸ் ஆறு மணிக்கு, அதற்கு முந்தினது ஐந்து மணிக்கு என்றால் பன்னிரண்டரைக்குள் நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும். காலை பஸ் உங்களை ஒரு மணிக்குத்தான் இறக்கிவிடும் என்றால் அந்தப் பாதை அன்றைக்கு வேண்டாம், குட்டையான ஒன்றைத் தேடுங்கள். ஐந்து மணி பஸ் தவறினாலும் ஆறு மணி இருக்கிறது என்ற நினைப்பில் நடப்பதற்கும், ஆறு மணியை விட்டால் இருட்டில் நிற்க வேண்டும் என்று நடப்பதற்கும் ரொம்ப வித்தியாசம். கணுக்கால் சுளுக்குவது பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்குத்தான்.

யாரும் எழுதாத பகுதி ஒன்று இருக்கிறது: நிறுத்தத்துக்கும் பாதை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தார்ச்சாலை. வரைபடத்தில் விரல் நகம் அளவுதான் தெரியும், நேரில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஓரத்தில் நடக்க இடமே இருக்காது, வண்டிகள் உரசிக்கொண்டு போகும். முழு நடையிலும் ஆபத்தான இடம் பல சமயம் இதுதான், மலை இல்லை. எதிரே வண்டி வரும் பக்கமாக நடங்கள், வளைவில் மட்டும் பார்வை நன்றாகக் கிடைக்கும் பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். இணைய வரைபடத்தின் தெருக் காட்சிப் படங்களில் (ஸ்ட்ரீட் வியூ) அந்தச் சாலையை முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால், வாய்க்கால் ஓரமாகவோ வயல் வழியாகவோ மாற்றுப்பாதை உண்டா என்றும் தெரிந்துவிடும்.

இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள், திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று. பல ஊர்களில் நிறுத்தக் கம்பம் சாலையின் ஒரு பக்கம்தான் இருக்கும், எதிர்த்திசை பஸ்ஸுக்கு அதற்கு நேரே நின்றால் போதும் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். சில இடங்களில் நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து பஸ் நிற்காது, எழுந்து வந்து கை காட்டினால்தான் நிற்கும். சாயங்கால வெளிச்சத்தில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு காட்டினால் அதுவும் தெரியாது, போன் வெளிச்சத்தைப் போட்டுக் காட்டுங்கள், டிரைவர் கண்ணில் அடிக்காமல், கொஞ்சம் தாழ்த்தி.