ரவுணுக்குள் ஒரு சனி ஞாயிறு

07.02.2025, வெள்ளி இரவு

என் சிநேகிதி குளிக்கிறாள். நான் கட்டிலில் சாய்ந்திருந்து இதை எழுதுகிறேன்.

கொண்டாவிலில் என் வீட்டில் இருந்து யாழ்ப்பாண ரவுணில் (பட்டணத்தில்) இருக்கிற இந்த ஹொட்டேலுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். அவள் வவுனியாவில் பள்ளிக்கூடம் விட்ட கையோடு பஸ் ஏறி, கிளிநொச்சி, ஆனையிறவு எல்லாம் தாண்டி, இருட்டின பிறகுதான் வந்து சேர்ந்தாள். பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே வந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் சொன்னது இதுதான்: "இருட்டுக்குள்ள ஆஸ்பத்திரி வீதியால தனிய நடந்து வாறன். ஒருத்தரும் மறிக்கேல்லையடி!"

மாமிக்கு இந்தப் பயணம் விளங்கவில்லை. "கூப்பிடு தூரத்தில வீடு இருக்கேக்க காசு குடுத்து ஏன் பிள்ளை அங்க போய்ப் படுக்கிறியள்?" என்று இந்தக் கிழமை முழுக்கக் கேட்டார். என் மனுசனுக்கும் விளங்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் அவளும் வேம்படி மகளிர் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எங்கள் வயதுப் பெண்களுக்கு ரவுண் என்றால் பகல்தான். சைக்கிளில் வருவோம், வகுப்பு முடியும், கஸ்தூரியார் வீதியால் ஒரு சுற்று, பொழுதுபடுமுன் வீடு. 1990 ஆனியில் சண்டை தொடங்கியதோடு கரண்டும் போனது. உயர்தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து யாராவது பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில்தான் ரேடியோ பாடும். பிறகு 1995 ஒக்ரோபர் 30, குடாநாடே நாவற்குழிப் பாலத்தால் நடந்த இரவு. திரும்பி வந்தால் ஊரடங்கு. 2006 ஆவணியில் ஏ-9 பாதையை மூடினார்கள், திரும்பவும் ஊரடங்கு. 2009க்குப் பிறகு தடை இல்லை என்றாலும் கால் பழகிவிட்டது. ஆறு மணிக்கு மேல் ரவுணில் நிற்கிறோம் என்றால் நெஞ்சு படபடக்கும்.

எங்கள் பட்டணத்தின் நடு இரவை நாங்கள் இருவரும் பார்த்ததே இல்லை. அதற்குத்தான் வந்தோம்.

08.02.2025, சனி காலை

ஐந்து மணிக்கு முன்னமே இரண்டு பேருக்கும் விழிப்பு வந்துவிட்டது. ஏசியை இரவே நிற்பாட்டிவிட்டோம், அந்தக் குளிர் எங்களுக்கு ஒத்துவராது. யன்னலைத் திறந்தால் மாசிக் காற்றே போதும்.

முதலில் கேட்டது பாங்கு. பிறகு ஒரு கோயில் மணி, அதற்குப் பிறகு தேவாலய மணி. அவள் போர்வைக்குள் இருந்தபடி, "பாங்கு திரும்பக் கேக்குது" என்றாள். எங்கள் வகுப்பில் சோனகதெரு முஸ்லிம் பிள்ளைகளும் படித்தார்கள். 1990 ஒக்ரோபரில் புலிகள் அவர்களைக் குடும்பத்தோடு ஊரை விட்டு அனுப்பினார்கள். பைகளோடு போனார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை, திறக்க முடியாத காலம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். அவர்களில் எங்களோடு படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். இது இரண்டு பேரும் விடியும்போது பேசி முடிவெடுத்த விஷயம்.

காலைச் சாப்பாடு பஃபே. பாணும் பழமும் ஒரு பக்கம், எங்கள் சாப்பாடு மறுபக்கம். புட்டு பூப்போல இருந்தது. இடியப்பத்துக்குச் சொதி, மாசிச் சம்பல். சம்பலுக்கு உறைப்புப் போதாது, வெளிநாட்டுக்காரருக்காகக் குறைத்திருப்பார்கள், அது பிழையான கணக்கு. யாழ்ப்பாணத்துக்கு வருகிறவன் யாழ்ப்பாணச் சாப்பாட்டைத் தேடித்தானே வருகிறான்? ஆனால் சொதியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வெந்தயம் அளவாக விழுந்திருந்தது.

அவள் இரண்டாம் தரம் புட்டு எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். "ஆரோ அவிச்ச புட்டு. நான் குழைக்கேல்ல, நான் அவிக்கேல்ல" என்றாள். மனுசன் செத்த பிறகு மூன்று பிள்ளைகளை வளர்த்து, விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்துவிட்டுப் படிப்பிக்கப் போகிறவள். இந்த அறைக்கு அவள் போட்டது சீட்டு எடுத்த காசு. சொகுசு என்று சொல்லிப் பெண்களைக் குற்றவாளியாக்குகிறவர்கள் அந்த மேசையில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

 

08.02.2025, சனி இரவு

பகலில் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. படுத்தோம், கதைத்தோம், படுத்தோம். பின்னேரம் ஐந்தரைக்கு மொட்டை மாடிக்கு ஏறினோம்.

யாழ்ப்பாணம் தட்டையான ஊர். மலை இல்லை, மேடு இல்லை. பனையில் ஏறுகிறவர்களைத் தவிர எங்களில் யாரும் ஊரை உயரத்தில் இருந்து பார்த்து வளரவில்லை. அதனால் மேலே போய் நின்றதும் இரண்டு பேருக்கும் திசை பிடிபடவில்லை. கூரைகளுக்கு நடுவில் இவ்வளவு மரமா? வேம்பும் மாவும் தென்னையுமாக, வீதிகளையே மறைத்துக்கொண்டு நிற்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்தோம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த ஞாபகமாகக் கட்டின மணிக்கூட்டுக் கோபுரம். வெள்ளையாக நூலகம். அதற்குப் பக்கத்தில் இந்தியா கட்டிக் கொடுத்த கலாசார மண்டபம், எல்லாவற்றையும் விட உயரமாக. அங்காலே கோட்டையின் மதில். போர்த்துக்கேயர் கட்டினது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து முனையாக்கினது. அதற்கும் அப்பால் கடல், பண்ணைப் பாலம், தீவுப் பக்கம்.

நூலகத்தை அவள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். 1981இல் அது எரிந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். 97,000 புத்தகங்கள். கொட்டடியில் அவளுடைய வீட்டு முற்றத்தில் கரி படிந்த கடதாசித் துண்டுகள் விழுந்ததை அவளுடைய அப்பா பொறுக்கி ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்திருந்தார். அந்த ரின்னும் வீடும் 1990இல் கோட்டைச் சண்டையோடு போய்விட்டன. மேலே இருந்து விழுந்த குண்டுகளில் கோட்டையைச் சுற்றின வீடுகள் நொறுங்கின. குடும்பம் இணுவிலுக்கு வந்து, 1995இல் வன்னிக்குப் போய், வவுனியாவில் நின்றுவிட்டது. காணியைப் பிறகு விற்றார்கள்.

"அந்தா, அந்த நீலத் தகரத்துக்கு இடப்பக்கம்" என்றாள். நான் பார்த்தேன். ஒரு தென்னையும் ஒரு தண்ணித் தாங்கியும் தெரிந்தன. "நாளைக்குக் காலமை நடந்து போய்ப் பாப்பமே?" என்று கேட்டேன். "வேண்டாம். அங்க இப்ப ஆரோ இருக்கினம். இஞ்சயிருந்து பாத்தது காணும்."

நான் வற்புறுத்தவில்லை.

சூரியன் தீவுப் பக்கம் இறங்கியது. தைப்பூசம் கிட்ட, நிலவு ஏற்கெனவே மேலே ஏறியிருந்தது. கீழே ஒவ்வொரு கடையாக வெளிச்சம் போட்டது, பிறகு தெருவிளக்குகள், பிறகு பாலத்தில் மோட்டார் சைக்கிள்களின் வரிசை. பிளேன்ரீ வந்தது. கீழே போவோம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. பத்து மணிக்கு மேலும் ஆட்கள் திரிந்தார்கள். ஒரு பெடியன் முன்னுக்கு ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் பாடிக்கொண்டு போனான், சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இடியப்பப் பார்சலோடு ஆட்கள் நின்றார்கள். பதினொன்றரைக்குத்தான் ரவுண் அடங்கத் தொடங்கியது. தானாகத்தான் அடங்கியது, யாரும் அடக்கவில்லை. அதைக் கடைசி வரைக்கும் இருந்து பார்த்தோம். பரிமாறுகிற தம்பி கதிரைகளை அடுக்கத் தொடங்கியும் எங்களை எழுப்பவில்லை. "நீங்க இருங்கோ அன்ரி" என்றான்.

09.02.2025, ஞாயிறு

பையை அடுக்கிக்கொண்டிருந்தோம். பதினொன்றரை போல கரண்ட் நின்றது. சில விநாடியில் ஜெனரேற்றர் இரையத் தொடங்கி அறைக்குள் வெளிச்சம் வந்தது. ஆனால் வெளியே இறங்கினால் வீதி முழுக்க இல்லை. கடைக்காரர்கள் வாசலில் நின்று போனைப் பார்த்தார்கள். கொழும்பிலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை, நாடு முழுக்க இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. பாணந்துறையில் உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்ததாம். மின்சக்தி அமைச்சரே அப்படிச் சொன்னார். ஒரு இடத்தில் தட்டினால் முழு நாடும் இருளும் அளவுக்கா கட்டமைப்பை வைத்திருக்கிறார்கள்? குரங்கைக் கேட்டுப் பயனில்லை, பொறுப்பானவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவள் பதறவில்லை. பஸ் நிலையத்தில் சோடாக்காரப் பிள்ளை, "குளிர் இல்லை, பரவாயில்லையா?" என்று கேட்டதற்கு, "எங்களுக்கு அஞ்சாறு வருசம் கரண்டே இல்லையடா தம்பி" என்றாள். அவன் நம்பவில்லை. இருபது வயது இருக்கும். அவள் பஸ் வரும்வரை அவனுக்கு ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்வதென்று சொல்லிக்கொண்டு நின்றாள், பஞ்சு எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு என்று. வகுப்பில் நிற்கிற ரீச்சர் மாதிரியே. அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

10.02.2025, திங்கள்

இன்று ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு. நுரைச்சோலை மின்நிலையம் இன்னும் சரிவரவில்லை. அவள் நேற்று இரவே வவுனியா போய்ச் சேர்ந்து, விடியப் பள்ளிக்கூடமும் போய்விட்டாள். வகுப்புப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். அதில் சோனகதெருப் பிள்ளைகள் நிற்கிற இடத்தைக் குறித்திருக்கிறாள். பெயர்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறோம். முழுப் பெயர் தெரிந்தால் பள்ளிவாசலில் விசாரிக்கலாம் என்று எங்கள் முடக்கில் கடை வைத்திருக்கிறவர் சொன்னார். புதன்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.

மாமி இரண்டு நாளும் கதைக்கவில்லை. இன்று இருட்டுக்குள் விறாந்தையில் இருக்கும்போது, "அங்கயிருந்து பாத்தா கோட்டை தெரியுதோ?" என்று கேட்டார். தெரியுது மாமி, மதில் முழுக்கத் தெரியுது என்றேன். "பண்ணை?" பண்ணையும் தெரியும். கொஞ்சம் பொறுத்து, "லிஃப்ற் இருக்கே?" என்றார்.

இருக்கிறது. நாளைக்குத் தைப்பூசம், சமையல் வேலை இருக்கிறது. அது முடிய, ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்கு மட்டும் மாமியைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று போன் பண்ணிக் கேட்க வேண்டும்.