கறுப்புக் கிறிஸ்து

1962இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரின் சால்ட் ரிவர் பகுதியிலுள்ள புனித லூக்கா ஆங்கிலிக்கன் தேவாலயத்தில், ரொனால்ட் ஹாரிசன் என்ற 22 வயது இளைஞர் வரைந்த சிலுவைக் காட்சி ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதில் கிறிஸ்துவுக்கு, நிறவெறி அரசு தன் ஊரைவிட்டு வெளியேற முடியாதபடி முடக்கி வைத்திருந்த கறுப்பின விடுதலைத் தலைவர் ஆல்பர்ட் லுதுலியின் முகம். ரோமானியப் படைவீரர்களுக்குப் பிரதமர் வெர்வூர்டின் முகமும் நீதி அமைச்சர் ஃபோர்ஸ்டரின் முகமும்.

நிறப் பாகுபாட்டுக்கு விவிலியத்திலிருந்தே நியாயம் கற்பித்த, ஆட்சியிலிருந்த வெள்ளையரில் பலர் சார்ந்திருந்த டச்சு சீர்திருத்தத் திருச்சபையினரும் இதே கிறிஸ்துவைத்தான் தொழுதார்கள் என்பதை எண்ணும்போது, அந்த இளைஞரின் துணிவு என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. லுதுலியைத் தேர்ந்தெடுத்ததும் மிகப் பொருத்தமே. சபைகளில் பிரசங்கம் செய்தவரும் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான அவர், வெள்ளையரை வெறுக்காமல், எல்லா இனத்தாருக்கும் பொதுவான தென்னாப்பிரிக்காவையே வேண்டினார்.

ஓவியம் தடைசெய்யப்பட்டது. ஹாரிசன் பாதுகாப்புக் காவல்துறையின் சித்திரவதைக்கு உள்ளானார். நாட்டைவிட்டு இரகசியமாகக் கடத்தப்பட்ட படமோ, பல ஆண்டுகள் லண்டனில் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்து, 1997இல் தாயகம் திரும்பியது. இப்போது அது கேப் டவுனிலுள்ள தென்னாப்பிரிக்கத் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. அந்நகருக்குச் செல்லும் நண்பர்கள், அது காட்சியில் இருக்கிறதா என்று அவசியம் விசாரியுங்கள்.