பிடித்தம் செய்த வருமான வரியைத் திரும்பக் கேட்கும் வேலை

நிறுவனங்களின் வரிப் பிரிவில் இருப்பவர்களிடம் ரீஃபண்ட் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தத் தேதிக்குள் போட்டோம், எப்போது பிராசஸ் ஆனது, ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையமான சிபிசியில் இருந்து என்ன இன்டிமேஷன் வந்தது என்று. நான் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் பார்த்தவரை, பணம் திரும்பி வருமா, எவ்வளவு வரும் என்பதெல்லாம் ரிட்டர்னுக்கு வெகு முன்பே, இன்னொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், நம் இன்வாய்ஸைப் பார்த்து டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பதிவு போடும் ஒருவரின் மேசையில் முடிவாகிவிடுகிறது. அவருக்கு நாம் யாரென்றே தெரியாது. நமக்கும் அவர் பெயர் தெரியாது. ஆனால் அவர் ஒரு பேன் எண்ணை எப்படித் தட்டச்சு செய்கிறார் என்பதில் நம் லட்சக்கணக்கான ரூபாய் நிற்கிறது.

நான் வேலை செய்வது மற்ற நிறுவனங்களுக்கு ஒப்பந்தப் பணியாளர்களை அனுப்பும் ஒரு கம்பெனியில். இந்த மாதிரித் தொழிலில் வரி அதிகமாகப் பிடிக்கப்படுவது தவறால் நடப்பதல்ல, கணக்கே அப்படித்தான். உதாரணத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி பில் போடும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்கச் சொல்லும் 194சி பிரிவின்படி வாடிக்கையாளர்கள் 2 சதவீதம் பிடித்தால் 2 கோடி போய்விடும். பில்லில் பெரும்பகுதி சம்பளமும் பிஎஃப்பும்தான், லாபம் 4 சதவீதம் நின்றால் பெரிய விஷயம். அந்த 4 கோடிக்கு, சலுகைகளை விட்டுவிட்டுக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம் என்றால் வரி ஏறக்குறைய 1 கோடியே 67 ஆயிரம். மிச்சம் 99 லட்சம் சொச்சம் அரசிடம் நிற்கிறது. அடுத்த வருடமும் இப்படித்தான், அதற்கடுத்த வருடமும் இப்படித்தான். முந்தைய வருடத்துப் பணம் வருவதற்குள் இந்த வருடத்துப் பிடித்தம் தொடங்கிவிடும் என்பதால் எப்போதுமே ஒரு பெரிய தொகை வெளியே நின்றுகொண்டே இருக்கும், அந்த இடைவெளியில் சம்பளம் போட வங்கியில் ஓவர் டிராஃப்ட் எடுக்க வேண்டியிருக்கும். பில் தொகையின் மேல் பிடிக்கும் வரிக்கு லாபம் எவ்வளவு என்று தெரியாது, அதுதான் இதன் அடிப்படைச் சிக்கல்.

சரி, அந்த 99 லட்சத்தைக் கேட்கிறோம். சட்டத்தில் உரிமை தெளிவாகத்தான் இருக்கிறது, 1961 வருமான வரிச் சட்டத்தின் 237வது பிரிவு அதைத்தான் சொல்கிறது (இங்கே நான் சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 2025-இல் புதிய சட்டம் வருவதற்கு முன்பிருந்த இந்தப் பழைய சட்டத்தினுடையவை, எங்கள் நிலுவைகள் அதன் கீழ்தான் இருக்கின்றன). ஆனால் 199வது பிரிவு, பிடிக்கப்பட்டு அரசுக் கணக்கில் கட்டப்பட்ட வரிக்குத்தான் வரவு கொடுக்கிறது. கட்டியாகிவிட்டது என்பது நம் 26ஏஎஸ்-இல் (நம் பேன் எண்ணில் வரவான வரியைக் காட்டும் துறையின் கணக்குத் தாள்) தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் வாடிக்கையாளர் அந்தந்த காலாண்டுக்கு, யாரிடம் எவ்வளவு வரி பிடித்தோம் என்று சொல்லும் 26கியூ படிவத்தை ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 தேதிகளுக்குள் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும், நம் பேன் எண் அதில் சரியாக இருக்க வேண்டும். இவ்வளவும் நம் கையில் இல்லாத விஷயங்கள்.

எங்களிடம் வந்த ஒரு வழக்கமான பிரச்சினையைச் சொல்கிறேன். எங்கள் குழுமத்தில் இரண்டு கம்பெனிகள் இணைக்கப்பட்டன. இணைந்த கம்பெனியின் பேன் எண்தான் இனிமேல் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் போனது. கடிதம் போனது அவர்களின் கொள்முதல் பிரிவுக்கு, டிடிஎஸ் போடுவது கணக்குப் பிரிவு, அவர்கள் சாஃப்ட்வேரில் வெண்டர் மாஸ்டரை (பணம் பெறுபவர்களின் விவரப் பட்டியல்) மாற்றும் அதிகாரம் மூன்றாவது ஒரு பிரிவில். விளைவு, பாதிப் பேர் பழைய பேனிலேயே வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். வருமானம் முழுவதும் புதிய கம்பெனியின் ரிட்டர்னில், வரி வரவில் ஒரு பகுதி இல்லாமல் போன கம்பெனியின் 26ஏஎஸ்-இல். வரித் துறையின் கணினிக்குக் கம்பெனிகள் இணைந்ததும் தெரியாது, அதற்கு அனுமதி தந்த தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவும் தெரியாது. பொருந்தவில்லை என்றால் வரவைக் கொடுக்காது, அவ்வளவுதான்.

ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் இருந்த பையனிடம் போனில் பேசினேன். "சார், நாங்க பிடிச்சதைக் கட்டிட்டோம், சலான் இருக்கு, எங்க பக்கம் எல்லாம் முடிஞ்சுது" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவன் கம்பெனிக்கு எந்த நோட்டீஸும் வரப்போவதில்லை, தணிக்கையில் எந்தக் குறையும் வரப்போவதில்லை. திருத்தப் படிவம் போடுவதால் அவனுக்கு ஒரு பயனும் கிடையாது, மாதக் கடைசி வேலைக்கு நடுவில் கூடுதலாக ஒரு வேலை, அவ்வளவே. அப்புறம் நான் அவனுக்கு எந்தச் சலானில் எந்த வரிசையில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று ஒரு எக்செல் தாளில் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் யாரும் "தயவுசெய்து சரிசெய்யவும்" என்று மட்டும் மெயில் அனுப்புவதில்லை, திருத்தத்தை நாங்களே தயார்செய்து கையில் கொடுக்கிறோம். இந்த வேலையில் நான் பார்த்த பெரிய பலன் இதனால்தான் வந்தது, எந்தச் சட்ட வாதத்தாலும் அல்ல.

மிகவும் வருத்தம் தரும் வகை வேறு. வாடிக்கையாளர் நம் பில்லில் இருந்து பிடித்துவிடுவார், அரசுக்குக் கட்டமாட்டார். பிறகு கம்பெனியே திவாலாகிவிடும். 205வது பிரிவு, பிடிக்கப்பட்ட வரியை மறுபடி நம்மிடம் நேரடியாகக் கேட்கக்கூடாது என்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1 அன்று, இப்படிப்பட்ட நிலுவையை வசூலிக்க வற்புறுத்த வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு எழுதியது. ஆனால் கேட்காமல் இருப்பது வேறு, வரவு கொடுப்பது வேறு. நிலுவை கணினியில் அப்படியே இருக்கும், அடுத்த வருட ரீஃபண்ட் வரும்போது 245வது பிரிவில் அதைக் கழித்துக்கொள்வார்கள். முன்கதவால் கேட்காததைப் பின்கதவால் எடுத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பிடித்தவர் கட்டாத வரியை இப்படி ரீஃபண்டில் கழிப்பதும் 205வது பிரிவுக்கு எதிரானதுதான் என்று சொன்னது. படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதே நீதிமன்றம் 2013 மார்ச்சில், ஒரு பட்டயக் கணக்காளர் எழுதிய கடிதத்தைப் பொதுநல வழக்காகத் தானே எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் கொடுத்துப் பதிலைக் கேட்காமல் ரீஃபண்டைப் பழைய நிலுவையில் கழிக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. இன்று 245 நோட்டீஸ் வருகிறதென்றால், அதற்குப் பதில் போட ஒரு பொத்தான் இருக்கிறதென்றால், அந்தக் கடிதத்துக்கு அதில் பங்கு உண்டு. அதனால்தான் அந்த நோட்டீஸைக் கவனிக்காமல் விடும் கம்பெனிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பழைய நிலுவை ஏற்கெனவே மேல்முறையீட்டில் நீக்கப்பட்டிருக்கலாம், ஆணை கணினியில் ஏறாமல் இருந்திருக்கலாம். பதில் போடாவிட்டால் அது கழிந்தே போகும்.

வருடம் மாறும் பிரச்சினையும் உண்டு. மார்ச் மாத வேலைக்கு நாங்கள் மார்ச்சிலேயே வருமானம் காட்டிவிடுவோம். வாடிக்கையாளர் பில்லை மே மாதம் பாஸ் செய்து அப்போது வரி பிடிப்பார். வருமானம் ஒரு வருடத்தில், பிடித்தம் அடுத்த வருடத்தில். சில தொழில்களில் இந்த இடைவெளி பல வருடம்கூட ஆகும், ரிட்டர்னைத் திருத்தும் காலமும் போய்விடும். 2023 அக்டோபர் 1 முதல் இதற்கு 155வது பிரிவில் ஒரு வழி வந்தது, படிவம் 71. வரி பிடித்த நிதியாண்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், வருமானம் காட்டிய பழைய வருடத்துக்கே வரவு எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் வட்டி, விண்ணப்பித்த தேதியிலிருந்துதான்.

வட்டி என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. 244ஏ பிரிவில் மாதத்துக்கு அரை சதவீதம், ஆண்டுக்கு 6. ரிட்டர்னைக் காலத்தில் போட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) ஏப்ரல் 1 முதல் கணக்கு தொடங்கும். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள், போன வருடம் ஏப்ரலில் பிடித்த வரிக்கு ஏறக்குறைய ஒரு முழு வருடம் வட்டியே கிடையாது. ரீஃபண்ட் தொகை, தீர்மானித்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் வட்டி கிடையாது. வரும் வட்டிக்கும் வரி கட்ட வேண்டும். நாங்கள் வரி கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம், பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் ஒன்றரை சதவீதம். அரசு கடன்காரராக இருக்கும்போது ஒரு விகிதம், கடன் கொடுத்தவராக இருக்கும்போது வேறு விகிதம் என்பது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2014-இல் உச்ச நீதிமன்றம் டாடா கெமிக்கல்ஸ் வழக்கில், வரி பிடித்துக் கட்டிய நிறுவனத்துக்கே அது திரும்பக் கொடுக்கப்படும்போதும் வட்டி தர வேண்டும், உரிமை இல்லாமல் வைத்திருந்த பணத்தோடு வட்டி தரும் கடமையும் வருகிறது என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டுத் தொழில்நுட்ப நிபுணர்களுக்குக் கொடுத்த பணத்தில் பிடித்த வரி சம்பந்தப்பட்ட வழக்கு அது.

வெளிநாட்டுக்குக் கொடுக்கும் பணத்தின் கதை தனி. பல ஒப்பந்தங்களில் வெளிநாட்டு நிறுவனம் "எங்களுக்கு முழுத் தொகை வர வேண்டும், உங்கள் நாட்டு வரி உங்கள் பாடு" என்று எழுதிவிடும். 10 சதவீத வரி என்றால், 100 ரூபாய் அனுப்ப 11 ரூபாய் 11 காசு நம் கையிலிருந்து கட்ட வேண்டும். மென்பொருள் வாங்கியதற்கு இப்படிப் பல கம்பெனிகள் ராயல்டி (பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் தொகை) என்று நினைத்துக் கட்டின. 2021 மார்ச் 2 அன்று இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பயன்படுத்துவதற்காக வாங்கும் மென்பொருளுக்குக் கொடுப்பது, இந்தியாவோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளைப் பொறுத்தவரை, ராயல்டி ஆகாது என்றது. அப்படியானால் கட்டியதை யார் கேட்பது? வெளிநாட்டுக் கம்பெனி இங்கே ரிட்டர்ன் போடாது, பணமும் அவர்களுடையதில்லை. 2022-இல் 239ஏ பிரிவு வந்தது, வரியைத் தானே சுமந்த இந்திய நிறுவனம் கட்டிய 30 நாளுக்குள் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 30 நாள் என்பது ஒரு பெரிய அலுவலகத்தில் ஒரு கோப்பு இரண்டு மேசை தாண்டும் நேரம்தான், அதனால் பணம் அனுப்பும் நாளிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவு துரத்தலையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது, 197வது பிரிவில் குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழ். டிடிஎஸ் வேலைகளுக்கான துறையின் டிரேஸஸ் தளத்தில் படிவம் 13 போட்டு, கடந்த வருடங்களின் கணக்கையும் இந்த வருட மதிப்பீட்டையும் காட்டினால், உதாரணத்துக்கு 2 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீதம் பிடிக்கலாம் என்று அதிகாரி சான்றிதழ் கொடுப்பார். அது வந்த தேதியிலிருந்துதான் செல்லும். ஆகஸ்டில் வந்தால் ஏப்ரல் முதல் போனது போனதுதான். ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலேயே அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தைத் தயார் செய்வதை எங்கள் பிரிவில் பிடிவாதமாக வைத்திருக்கிறோம். பட்ஜெட் கூட்டங்களில் இதைச் சொன்னால் "அதான் ரீஃபண்டாகத் திரும்பி வந்துவிடுமே" என்பார்கள். வரும்தான். ஆனால் ஊதிய நாளில் பணம் வேண்டும். எங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கிடங்கில் சுமை ஏற்றுபவர்கள். அவர்களுக்கு ஏழாம் தேதி என்பது ஏழாம் தேதிதான்.

காலம் தாண்டிப்போன கோரிக்கைகளுக்கும் கதவு முழுதாக மூடவில்லை. 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். வாரியத்தின் 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடம் வரை, அதற்கு முன்பு ஆறு வருடமாக இருந்தது. ஒரு கோடி வரை ஆணையர் மட்டத்திலேயே முடியும். ஆனால் தாமதமாகக் கேட்ட ரீஃபண்டுக்கு வட்டி இல்லை. 2025-இல் வந்த புதிய வருமான வரி மசோதாவின் முதல் வடிவத்தில், காலத்தில் ரிட்டர்ன் போடாதவருக்கு ரீஃபண்டே கிடையாது என்று பொருள்படும் வாசகம் ஒன்று இருந்தது, நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கச் சொல்லி நீக்கப்பட்டது. அந்த வாசகம் அப்படியே சட்டமாகியிருந்தால் சிறு கம்பெனிகள்தான் முதலில் அடிபட்டிருக்கும்.

ஆனால் அந்தப் புதிய சட்டத்தில் எங்களை உண்மையில் வேகப்படுத்துவது வேறொரு விஷயம். டிடிஎஸ் படிவத்தைத் திருத்த ஒரு காலத்தில் வரம்பே இல்லை, பிறகு ஆறு வருடம் என்றார்கள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென்று இயற்றப்பட்ட 2025 சட்டத்தில் அது இரண்டு வருடம். அதற்குப் பிறகு வாடிக்கையாளரே மனம் வைத்தாலும் தவறான பேன் எண்ணை மாற்ற முடியாது. அதனால் வருடக் கடைசியில் 26ஏஎஸ்-ஐப் புத்தகத்தோடு ஒப்பிடும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு காலாண்டுப் படிவமும் ஏறிய மறு வாரமே இன்வாய்ஸ் வாரியாக ஒப்பிடுகிறோம். பழைய நிலுவைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, திருத்தத் தாள்களைத் தயார்செய்து எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பியாயிற்று. பதில் வராதவர்களின் அலுவலகங்களுக்கு எங்கள் பிரிவில் ஒருவர் மாற்றி ஒருவர் நேரில் போய்க்கொண்டிருக்கிறோம்.