மாஸ்டரா கப்டனா: பொஸ்டனில் தொடரும் வழக்கு

நம் பள்ளிக்கூடத்து வழக்கு ஒன்று தீராமலே நாமெல்லோரும் கடல் கடந்துவிட்டோம். பிக் மட்ச் என்ற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டத்தை வென்றால் பெருமை அணியைப் பழக்கிய மாஸ்டருக்கா, மைதானத்தில் நின்ற கப்டனுக்கா? மதிலோரம் குந்தியிருந்து இதைக் கதைத்தவர்களில் பொஸ்டன் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அதே வழக்கை இப்போது வேறு பெயர்களில் நடத்துகிறார்கள். மாஸ்டரின் இடத்தில் பில் பெலிச்சிக், கப்டனின் இடத்தில் டொம் பிரேடி. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இருவருமாக ஆறு சூப்பர் போல் கிண்ணங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த விளையாட்டின் ஆண்டு இறுதியாட்டம்தான் சூப்பர் போல். இலண்டனிலும் ரொரன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிற மற்ற மாணவர்களுக்கு இந்த வழக்கின் சாட்சியங்கள் விளங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசுபவரை மாற்றுவதும் களத்தில் ஆட்களை நிறுத்துவதும் கப்டன்தான். மாஸ்டர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பார். அமெரிக்கக் கால்பந்தில் அப்படியில்லை. 1994 முதல் குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் பிரேடி போன்றவரின், தலைக்கவசத்துக்குள் ஒரு வானொலி இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் இடையில் 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அதில் 15 விநாடி மீதமிருக்கும்வரை பயிற்றுநர்களின் குரல் அவர் காதில் கேட்கும். பிறகு தொடர்பு தானாகவே அறுந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் குவார்ட்டர்பேக்கின் பாடு.

அந்த 15 விநாடியில் பிரேடி செய்ததைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பந்து பறப்பதைத்தான் பார்க்கிறார்கள். அவர் முதலில் எதிரணியின் நடு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) யார் என்று விரலால் சுட்டி உரக்கச் சொல்வார். அவரை வைத்துத்தான் பேட்ரியட்ஸின் முன்வரிசை ஐவரும் யார் யாரை மறிப்பது என்று கணக்கிடுவார்கள். அந்த எண்ணிக்கை ஒன்று பிசகினால் ஒரு முரடன் யாரும் தொடாமல் வந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவான். அடுத்து, பின்னால் நிற்கும் கடைசிக் காவலர்களான சேஃப்டிகள் இருவரா ஒருவரா என்று பார்ப்பார். தம் அணியில் ஒருவரை அசைத்து ஓடவிடுவார். எதிரணியில் ஒருவன் அவரைத் தொடர்ந்து ஓடினால் ஆளுக்கு ஆள் காவல், ஓடாவிட்டால் பரப்புக் காவல். வானொலியில் வந்த திட்டம் இதற்குப் பொருந்தாதென்றால் நின்ற இடத்திலேயே அதை மாற்றிவிடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்ரியட்ஸ் ஆடியது எர்ஹார்ட்–பெர்க்கின்ஸ் என்ற முறை. 1970களில் அதே அணியில் பணிபுரிந்த இரண்டு பயிற்றுநர்களின் பெயர் அது. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் தனித்தனி எண் சொல்லாமல் முழு அமைப்புக்கும் ஒரே சொல்லைச் சொல்வார்கள். ‘கோஸ்ட்’ என்றால் ஓரத்தில் நிற்பவர் நேரே ஆழமாக ஓடுவார், ஒருவர் 8 யார்ட்டில் வெளிப்பக்கம் திரும்புவார், இன்னொருவர் உடனே பக்கக்கோட்டை நோக்கிப் போவார். யார் எந்த இடத்தில் நின்றாலும் சொல் மாறாது. இதனால் வேகம் கிடைக்கும். ஆனால் பல ஓட்டங்களில் காவலைப் பார்த்து எங்கே திரும்புவது என்பதை ஓடுபவரே தீர்மானிக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கும் அதையே அதே கணத்தில் நினைக்க வேண்டும். ஒருவர் நிற்பார் என்று எறிந்த பந்து, அவர் ஓடிவிட்டால் எதிரியின் கையில். சின்சினாட்டியில் பெரிய பெயர் எடுத்த சாட் ஒச்சோசிங்கோ 2011இல் இங்கே வந்து ஆண்டு முழுக்கப் பிடித்தது 15 பந்துகள்தான். கால் வேகம் போதாமல் அல்ல. இந்த ஒரே மனக் கணக்கு அவருக்கு வாய்க்கவேயில்லை என்பது என் எண்ணம்.

இனி பிரேடி தரப்பு வழக்கறிஞர்கள் முதலில் மேசையில் போடும் எண். பிரேடி ஆரம்ப ஆட்டக்காரராக நின்ற சாதாரணப் பருவ ஆட்டங்களில் பெலிச்சிக்குக்கு 219 வெற்றி, 64 தோல்வி. அவர் இல்லாமல், பெலிச்சிக் முன்பு கிளீவ்லாந்து அணியில் பயிற்றுநராக இருந்த காலத்தையும் சேர்த்து, 83 வெற்றி, 101 தோல்வி. கேட்டவுடனே வழக்கு முடிந்தது போலிருக்கும். ஆனால் இந்த 83–101 ஒரே பண்டம் அல்ல, பிரித்துப் பார்க்க வேண்டும். 1991 முதல் 1995 வரை கிளீவ்லாந்தில் 36–44. 2000இல் அடிமட்டத்திலிருந்து கட்டத் தொடங்கிய ஆண்டு 5–11. 2001இன் முதல் இரண்டு தோல்விகள். 2008இல் 10–5. 2016இல் பிரேடி தடைசெய்யப்பட்டிருந்த நான்கு ஆட்டங்களில் 3–1. பிறகு பிரேடி போன பின் 2020 முதல் 2023 வரை 7–9, 10–7, 8–9, 4–13. அதாவது நல்ல அணி கையில் இருந்து பிரேடி மட்டும் இல்லாதபோது 13–6. வெறும் கையோடு இருந்தபோதுதான் மற்றதெல்லாம். பயிற்றுநர் ஒன்றுமில்லாதவர் என்று இந்த எண் சொல்லவில்லை.

2008ஐக் கொஞ்சம் பார்ப்போம், மாஸ்டர் கட்சியின் பலமான சாட்சி அதுதான். முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் கிழிந்தது. மாற்றாக வந்த மட் காசல் உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு ஓர் ஆட்டம்கூடத் தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடாதவர். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருக்கையில்தான். பிரேடி தொடங்கிய முதல் வெற்றியையும் சேர்த்து அவரை வைத்து 11–5. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு அதே அணி 16–0. 11 வென்றும் பிளேஓஃப் என்ற வெளியேற்றச் சுற்று கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு 2011 இண்டியானாபொலிஸ் இருக்கிறது: குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மானிங் கழுத்துச் சத்திர சிகிச்சையோடு வெளியே இருந்தார், அதே பயிற்றுநர் ஜிம் கால்ட்வெல், 10–6 ஆக இருந்த அணி 2–14க்கு விழுந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால், நல்ல மாஸ்டர் விழுவதைத் தடுக்கிறார் என்று தெரியும். உயரத்துக்குப் போவது வேறு விடயம்.

என் தீர்ப்பு இதுதான்: முதல் கிண்ணம் மாஸ்டருடையது, பிரேடி பிறகு டம்பா பே அணியோடு வென்றதையும் சேர்த்துக் கடைசியாக வந்த மூன்றில் இரண்டு பெரும்பாலும் கப்டனுடையது, இடையில் கணக்கு மெல்ல மெல்லக் கை மாறியது. முழு இருபது வருடத்துக்கும் ஒரே பதில் தேடுவதால்தான் நம்மவர்கள் சண்டை பிடிக்கிறார்கள்.

2002 பெப்ரவரியில் நடந்த முதல் இறுதியாட்டத்தைப் பாருங்கள். பேட்ரியட்ஸ் தோற்பார்கள் என்று 14 புள்ளி வித்தியாசத்தில் பந்தயம் கட்டினார்கள். எதிரணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அந்தப் பருவத்தில் 503 புள்ளி குவித்திருந்தது. பெலிச்சிக்கின் திட்டம் பார்வைக்கு எளியது: குவார்ட்டர்பேக் கேர்ட் வோர்னரை விட்டுவிடு, பந்தை ஏந்தி ஓடும் மார்ஷல் ஃபோக்கைப் பிடி. பந்து அவரிடம் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அவரை இடி. ராம்ஸின் எறிதல்கள் எல்லாம் நேரக் கணக்கில் ஓடுபவை. ஃபோக் அரை விநாடி தாமதித்தால் முழுச் சங்கிலியும் பிந்தும். அன்று பிரேடி எறிந்து பெற்றது 145 யார்ட் மட்டும். ஒரு டச்டவுனை (எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பெறும் 6 புள்ளி) டை லோ என்ற தடுப்பாளர் எதிரியின் பந்தைப் பறித்து 47 யார்ட் ஓடிப் பெற்றார். ஆனாலும் கடைசி 81 விநாடியில், நேரத்தை நிறுத்தும் உரிமை ஒன்றும் மீதமில்லாமல், தம் பக்க 17 யார்ட் கோட்டிலிருந்து அணியை நகர்த்தியவர் 24 வயது பிரேடி. உதைப்பாளர் வினட்டியேரி 48 யார்ட்டிலிருந்து உதைத்தார். 20–17. சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பிரேடிக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை.

மாஸ்டரின் மூளைக்கு இன்னும் அழகான சாட்சி 2003 நவம்பரில் டென்வரில் கிடைத்தது. 24–23 என்று பின்தங்கி, பந்து தம் சொந்தக் கோட்டின் ஓரத்தில் சிக்கியிருந்தது. அங்கிருந்து உதைத்தால் எதிரிக்கு மைதானத்தின் நடுவில் பந்து கிடைக்கும். பெலிச்சிக் வேண்டுமென்றே பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பச் சொல்லி இரண்டு புள்ளியைத் தானம் செய்தார். 26–23. இப்படிக் கொடுக்கும் இரண்டு புள்ளிக்கும் சேஃப்டி என்றுதான் பெயர். அதைக் கொடுத்தால் அடுத்த உதை 20 யார்ட்டிலிருந்து, யாரும் மறிக்காமல். எதிரி வெகுதூரம் பின்னால் போனான், மூன்று முயற்சியில் நின்றான், பந்து திரும்பி வந்தது. 30 விநாடி இருக்கப் பிரேடி டேவிட் கிவன்ஸுக்கு எறிந்து 30–26. ஒரு புள்ளியால் தோற்றாலும் மூன்று புள்ளியால் தோற்றாலும் தோல்விதான். இடம்தான் முக்கியம் என்று கணக்குப் போட்ட மனிதர்.

2015 பெப்ரவரியில் சியாட்டலுக்கு எதிரான இறுதியும் இந்த ரகம். எதிரி ஒரு யார்ட் தூரத்தில், 28–24, கடிகாரம் ஓடுகிறது. எல்லோரும் பெலிச்சிக் நேரத்தை நிறுத்துவார் என்று நினைக்க, அவர் நிறுத்தவில்லை. மூன்று ஓரத் தடுப்பாளர்களை வைக்கும் அமைப்பை அனுப்பினார். அந்த மூன்றாமவர் மல்கம் பட்லர், புதிய ஆட்டக்காரர்களுக்கான ஆண்டுத் தெரிவில் எந்த அணியும் எடுக்காத பையன். அதே எறிதலைப் பயிற்சியில் எதிர்கொண்டு அந்த வாரம் ஏமாந்தவர், அன்று ஏமாறவில்லை. பந்தைப் பறித்தார். இதில் பிரேடி வெளியே நின்று பார்த்தவர்தான். ஆனால் அந்த 28இல் கடைசி 14ஐ, 10 புள்ளி பின்தங்கிய நிலையில், நான்காம் கால்பகுதியில் எடுத்துக் கொடுத்தது அவர். ஆகவே அதைப் பாதிப் பாதியாக எழுதலாம்.

2017இல் அட்லாண்டாவுக்கு எதிராக 28–3இலிருந்து எழுந்து 34–28 வென்றது முழுக்கக் கப்டன் பக்கம். 62 எறிந்து 43 பிடிக்க வைத்து 466 யார்ட். பேட்ரியட்ஸ் 93 ஆட்டத்துண்டுகள் ஆட, அட்லாண்டாவுக்குக் கிடைத்தது 46தான். அவர்களின் தடுப்பு அணிக்குக் கடைசியில் மூச்சு வாங்கியது. அடுத்த ஆண்டு பிலடெல்பியாவிடம் தோற்றபோது பிரேடி 505 யார்ட் எறிந்தார். தடுப்பு அணி 41 புள்ளி கொடுத்தது. அதே பட்லரைப் பெலிச்சிக் தடுப்பில் ஒரு துண்டுகூட ஆடவிடவில்லை. ஏன் என்பதற்குத் திருப்தியான விளக்கம் இதுவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. மாஸ்டர் கட்சிக்காரர் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். பதிலுக்கு அவர்கள் 2019ஐக் காட்டுவார்கள்: பருவத்தில் 527 புள்ளி எடுத்த லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸை 3 புள்ளியில் கட்டிப்போட்டு 13–3. பிரேடிக்கு டச்டவுன் எறிதல் ஒன்றும் இல்லை. நியாயமான சாட்சி.

மைதானத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது, அது பணம். 1994 முதல் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. குவார்ட்டர்பேக்குக்குக் கூடக் கொடுத்தால் மற்ற 52 பேருக்கும் குறையும். பிரேடி பல ஒப்பந்தங்களில் சந்தை விலைக்குக் கீழே கையெழுத்திட்டார். சம்பளத்தைக் கையொப்பத் தொகையாக மாற்றிப் பல வருடங்களுக்குப் பரப்பவும் சம்மதித்தார். பெலிச்சிக் நடுத்தர விலையில் நல்ல தடுப்பாளர்களை வாங்கி அடுக்கியதை எல்லோரும் கெட்டித்தனம் என்கிறோம். அந்தக் கெட்டித்தனத்துக்கு முதல் போட்டது கப்டனின் பை. பரப்பிய கடன் ஒருநாள் வரும்: 2020இல் பிரேடி டம்பா பே அணிக்குப் போய் ஆடிக்கொண்டிருக்க, பேட்ரியட்ஸின் வரம்பில் அவர் பெயரில் 13.5 மில்லியன் டொலர் உட்கார்ந்திருந்தது. அந்த 7–9ஐ எடைபோடும்போது இதையும், கொரோனாவால் எட்டு ஆட்டக்காரர்கள் அந்தப் பருவத்திலிருந்து விலகியதையும் சேர்க்க வேண்டும்.

டம்பா பே கதை சுருக்கமானது. 2019இல் அங்கே 7–9. குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுன் எறிந்தார், 30 பந்தை எதிரியிடமும் எறிந்தார். அடுத்த ஆண்டு அதே பயிற்றுநர் புரூஸ் ஏரியன்ஸ், அதே தடுப்புப் பயிற்றுநர் டொட் போல்ஸ். வந்தவர் 43 வயது பிரேடி. 40 டச்டவுன், 12 பறிகொடுத்தது. இறுதியில் கன்சாஸ் சிட்டியை 31–9. அந்த 9ஐக் கட்டியது போல்ஸின் தடுப்பு, எதிரியின் முன்வரிசையும் காயங்களால் உடைந்திருந்தது. இருந்தாலும் 30 பந்து 12 ஆனதுதான் அந்தக் கிண்ணத்தின் அடித்தளம்.

பெலிச்சிக் பக்கம் அதன்பின் நேர்ந்தது பரிதாபம். 2022இல் தாக்குதல் பயிற்றுநர் ஜோஷ் மக்டானியல்ஸ் வேறு அணிக்குப் போக, அந்த இடத்துக்குத் தடுப்புத் துறையில் வளர்ந்த மட் பட்ரீஷியாவைப் போட்டார். 2021இல் 22 டச்டவுன் எறிந்த இளம் குவார்ட்டர்பேக் மக் ஜோன்ஸ் 14க்கு இறங்கினார். இருபது வருடம் அந்த 15 விநாடியில் பிரேடி திருத்திக்கொடுத்த திட்டங்களைத் திருத்த ஆளில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கண்டோம்.

பழைய காலத்தை இழுத்து மாஸ்டர் கட்சியினர் ஜோ கிப்ஸைச் சொல்வார்கள். வொஷிங்டனுக்கு 1982, 1987, 1991 பருவங்களில் மூன்று கிண்ணம், மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகள். உண்மை, பெரிய சாதனை. ஆனால் மூன்றும் சம்பள வரம்புக்கும் தலைக்கவச வானொலிக்கும் முந்தியவை. 1994க்குப் பின் இரண்டு வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளோடு கிண்ணம் வென்ற தலைமைப் பயிற்றுநர் ஒருவரும் இல்லை. மறுதலையாக, ரொத்லிஸ்பெர்கர், பெய்ட்டன் மானிங், பிரேடி மூவரும் இரண்டு பயிற்றுநர்களிடம் வென்றிருக்கிறார்கள்.

இதற்கும் ஒரு முள் உண்டு. 2000ஆம் பருவத்தில் பால்ட்டிமோர் ரேவன்ஸ் சாதாரண குவார்ட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபரை வைத்துத் தடுப்பு அணியின் பலத்தாலேயே கிண்ணம் வென்றது. வென்ற கையோடு டில்ஃபரை அனுப்பிவிட்டு, அவரைவிட நன்றாக எறிவார் என்று எல்விஸ் கெர்பாக்கை எடுத்தார்கள். பயிற்றுநர் பிரையன் பில்லிக் 2007 வரை அங்கேயே இருந்தார். இரண்டாவது கிண்ணம் அவருக்கு வரவில்லை.