'அது' என்று அடித்தால் அட்ரஸ் பாருக்கு ஓடும் கீபோர்டு

கும்பகோணத்தில் ஐப்பசி மழை, கரண்ட் எப்போது போகுமோ தெரியாது, நான் என் கீபோர்டுக்காக கியூஎம்கே ஃபர்ம்வேரை (கீபோர்டுக்குள்ளேயே ஓடும், நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) கம்பைல் செய்துகொண்டிருந்தேன். கீபோர்டின் மூளையான ப்ரோ மைக்ரோ போர்டில் மொத்தமே 32 கேபி இடம், அதில் ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் பூட்லோடருக்கே 4 போய்விடும். விளக்கு ஜாலமெல்லாம் சேர்த்ததும் இடமில்லை என்று எரர். கீபோர்டாலேயே மவுஸை நகர்த்தும் மவுஸ் கீ வசதியைத் தூக்கிவிட்டு, கோடின் அளவைச் சுருக்கும் எல்டிஓவை இயக்கினேன், அடங்கியது. (விளக்கை விட மனசு வரவில்லை.)

அப்புறம்தான் வேடிக்கை. தமிழ்99 கீபோர்டு அமைப்பில் 'அ' இருக்கும் கீயைத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல் என்று வைத்திருந்தேன். எனக்கோ விரல் மெதுவாகத்தான் எழும், 'த' இருப்பதோ எல் கீயில், அதனால் 'அது' என்று அடித்தால் கன்ட்ரோல்+எல் ஆகி கர்சர் பிரவுசரின் அட்ரஸ் பாருக்குத் தாவிவிடும். தட்டலா பிடித்தலா என்று தீர்மானிக்கும் நேர வரம்பான டேப்பிங் டெர்ம் இயல்பாக 200 மில்லிசெகண்ட், 250 ஆக்கினேன். இப்போது சரி.