4294967297

மார்கழி 2
மழை விடல்ல. போன் கோல் வரல்ல.

2இன் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண். வலுவை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து இதே அச்சில் வந்த 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள், ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடுபவை. இதுவும் முதன்மைதான் என்று 1640இல் கணிதர் பெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணிதர் ஒய்லர், இது 641ஆல் வகுபடும் என்று காட்டி உடைத்தார்.

மார்கழி 3
எட்டு இலக்கக் கல்குலேட்டரில் அடங்காது. கொப்பியில்தான். முழு எண்ணையும் வகுக்கத் தேவையில்லை, மீதியை மட்டும் கொண்டுபோனால் போதும். 2இன் 16ஆம் வலு 65536. அதில் 641 நூற்றிரண்டு தரம் போக மீதி 154. 154இன் வர்க்கம் 23716. 641ஐ 37ஆல் பெருக்கினால் 23717. ஒன்றுதான் குறையுது! கடைசியில் கூட்டும் அந்த ஒன்று இந்த இடத்தை நிரப்பிவிடுது. எத்தனை தரம் எழுதினாலும் இந்த வரியில் கை நிற்குது.

மார்கழி 4
கோல் வரல்ல.

மார்கழி 6
கல்லடிப் பக்கம் கரண்ட் இல்ல. விளக்கு வெளிச்சத்தில் எழுதுறன்.

641ஐத் தேடி அலையத் தேவையில்லை. இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 128இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். 129, 385, 513 முதன்மை இல்லை. 257 முதன்மை, ஆனாலும் ஆகாது: மார்கழி 2இல் எழுதிய ஐந்தையும் பெருக்கினால் 4294967295, நம்ம எண்ணுக்கு இரண்டு குறைவு. 257 இரண்டையும் வகுத்தால் வித்தியாசமான 2ஐயும் வகுக்கவேண்டும். ஆக, வகுத்துப் பார்க்கவேண்டிய முதல் எண்ணே 641.

மார்கழி 7
மற்றக் காரணி 6700417. பெருக்கிப் பார்த்து எழுதும்போது 4294976297 என்று விழுந்திட்டு. 67, 76ஆகத் திரும்பியிருக்கு. ஒன்பதால் சரிபார்த்தால் இது பிடிபடாது, இலக்கங்களின் கூட்டுத்தொகை இரண்டிலும் 59. பதினொன்றால் பார்க்கணும்: வலப்பக்கமிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டு போகணும், பூச்சியத்துக்குக் கீழே போனால் 11ஐக் கூட்டிக்கொள்ளணும். 641க்கு 3, 6700417க்கு 9, பெருக்க 27, மீதி 5. சரியான எண்ணுக்கும் 5. திரும்பினதற்கு 7.

"என்னகா, இன்னும் கணக்கா?"

ஓம்.

மார்கழி 9
6700417 இன்னும் உடையுமா? வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள் 128இன் மடங்கோடு ஒன்றாக வரும் முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். 257 ஏற்கனவே போயிட்டு. மிச்சம் நாலு வகுத்தல். மீதிகள் 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியமில்லை. முதன்மை.

ஒரு பக்கத்தில் முடிஞ்சிட்டு.

மார்கழி 10
கோல் வந்து கட்டாயிட்டு. திருப்பி எடுத்தன், போகல்ல.

மார்கழி 11
அடுத்தது 2இன் 64ஆம் வலுவோடு ஒன்று: 18446744073709551617. 1880இல் லாண்ட்ரி என்ற கணிதர் இதன் காரணி 274177ஐக் கண்டார். விடை தெரிஞ்சாலும் கீழேயிருந்து ஏறிப் பார்க்கணும். இதற்குக் காரணிகள் 256இன் மடங்கோடு ஒன்று. 257 அதே நியாயத்தால் ஆகாது. 769: 65536இல் மீதி 171, அதை வர்க்கித்து வகுத்தால் மீதி 19, திரும்ப வர்க்கித்தால் 361, ஒன்று கூட 362. இல்ல.

அதுக்குப் பிறகு 3329 வரை இந்த வரிசையில் முதன்மை எண்ணே இல்லை. 65536இல் 3329 பத்தொன்பது தரம் போக மீதி 2285. அதன் வர்க்கம்