இரினா ஆர்கிப்போவாவின் நூறாவது ஆண்டு: கேட்டபடி எழுதியவை

ஜனவரி 2, 2025, வியாழன்

இரினா ஆர்கிப்போவா பிறந்து இன்றோடு நூறு ஆண்டுகள் நிறைகின்றன. மாஸ்கோவில் பிறந்து, அதே ஊரின் பல்ஷோய் அரங்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடிய மெஸ்ஸோ-சொப்ரானோ அவர். உச்சத்தில் உலவும் சொப்ரானோவுக்கும் அடிக்குரலான கான்ட்ரால்டோவுக்கும் நடுவில் நிற்பது இந்தப் பெண்குரல். ஓபராவில் காதலித்து உருகும் நாயகி வேடம் பெரும்பாலும் சொப்ரானோவுக்குப் போய்விடும். மெஸ்ஸோவுக்கு மிஞ்சுவன போட்டிக்காரி, குறிகாரி, பழிவாங்கும் தாய், வயதான தாதி. மிஞ்சுவன என்றேனே தவிர, என் கணக்கில் ருசியான வேடங்கள் இவைதாம். பிப்ரவரி 11 அவருடைய நினைவு நாள். அதுவரை அவருடைய பதிவுகளைக் கேட்டு இங்கே எழுதி வர எண்ணம்.

ஜனவரி 5, ஞாயிறு

அவர் முதலில் படித்தது கட்டடக்கலை. போர்க்காலத்தில் தாஷ்கண்டுக்கு இடம்பெயர்ந்திருந்த மாஸ்கோ கட்டடக்கலைக் கழகத்தில் சேர்ந்து, 1948-இல் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் அந்தத் தொழிலையே செய்தார். மாஸ்கோவின் நிதிக் கல்விக்கழகக் கட்டடத்தில் அவருடைய வரைபட உழைப்பு இருக்கிறது. பாட்டு அப்போது பொழுதுபோக்கு. கழகத்திலேயே இருந்த இசைக் குழுவில் நதேழ்தா மாலிஷெவாவிடம் கற்றுக்கொண்டார். பிறகு மாஸ்கோவின் இசைக் கல்லூரியான கன்சர்வேட்டரியின் மாலை வகுப்பில் சேர்ந்தார். படிப்பின் இறுதியாண்டை முழுநேரமாக முடிப்பதற்காக வேலையிலிருந்து ஊதியமில்லா விடுப்பு எடுத்தவர், வரைபலகைக்குத் திரும்பவே இல்லை. 1953-இல் கன்சர்வேட்டரியை முடித்தபோது வயது 28. அடுத்த ஆண்டு யூரல் பகுதியிலுள்ள ஸ்வெர்ட்லோவ்ஸ்க் ஓபராவில் இடம் கிடைத்தது. 1955-இல் வார்சாவில் நடந்த பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றார். பல்ஷோயில், பிசேயின் ‘கார்மென்’ ஓபராவின் நாயகி கார்மெனாக முதன்முதலில் மேடையேறியது 1956-இல், 31 வயதில். பதினைந்து வயதிலேயே குரலை வாட்டத் தொடங்குகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இவர் தாமதமாக வந்தது குரலுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் துணிபு.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று கேட்டது 1959 ஜூன் மாதம் பல்ஷோயில் நடந்த கார்மெனின் பதிவு. இத்தாலியிலிருந்து விருந்தினராக வந்த டெனார் (உயர்ந்த ஆண்குரல்) மாரியோ டெல் மொனாக்கோ, கார்மெனின் காதலன் டான் ஹோஸே வேடத்தில் பெரும்பாலும் இத்தாலிய மொழியில் பாடுகிறார். ஆர்கிப்போவா அவருக்கு ரஷ்ய மொழியில் மறுமொழி சொல்கிறார். பிசே எழுதியதோ பிரெஞ்சுச் சொற்களுக்கு. காகிதத்தில் படித்தால் கூத்தாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, கடைசிக் காட்சிக்கு வரும்போது உண்மையிலேயே பயமூட்டுகிறது, ஏனென்றால் அங்கே இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்காதவர்கள். டெல் மொனாக்கோ கெஞ்சிக் கெஞ்சிக் குரலை உயர்த்திக்கொண்டே போகிறார். ஆர்கிப்போவாவோ கத்துவதே இல்லை. பல பாடகிகள் கார்மெனின் கீழ் ஸ்வரங்களை மார்புக்குரலில் அழுத்தித் தடித்தனமாக்கிவிடுவார்கள். ஆர்கிப்போவா அந்த இடங்களிலும் குரலின் வடிவம் கலையாமல் இறங்கி வருகிறார். இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் இத்தாலி அவரை அழைத்தது. நேப்பிள்ஸிலும் ரோமிலும் டெல் மொனாக்கோவுடனேயே மீண்டும் கார்மென் பாடினார்.

ஜனவரி 19, ஞாயிறு

முசோர்க்ஸ்கியின் ‘ஹோவான்ஷினா’. இசையமைப்பாளர் 1881-இல் இறந்தபோது முடிவுபெறாமல் கிடந்த ஓபரா இது. இதில் வரும் மார்ஃபா, ரஷ்யத் திருச்சபையின் சீர்திருத்தத்தை ஏற்காத பழைய நெறிக் கிறித்தவர்களைச் சேர்ந்தவள். 1967-இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கு இந்த வேடத்திற்கு ஆர்கிப்போவாவை அழைத்தது.

இரண்டாம் அங்கத்தில் இளவரசர் கொலீட்ஸின் தம் எதிர்காலத்தை அறிய மார்ஃபாவை வரவழைக்கிறார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதை உற்றுப் பார்த்தபடி மறைந்திருக்கும் சக்திகளை அவள் அழைக்கிறாள். அந்த அழைப்பு மெஸ்ஸோ குரலின் அடித்தளத்தில், இருட்டில் கைநீட்டித் தடவுவதைப் போல நகர்கிறது. பிறகு திடீரென்று இசை அமைதியாகி, அலைபோல ஏறி இறங்கும் ஒரு மெட்டில், பதவி பறிபோகும், நாடு கடத்தப்படுவாய் என்று சொல்கிறாள். மிரட்டல் துளியும் இல்லை. ஆர்கிப்போவா இதைச் சோகத்தோடுகூடப் பாடுவதில்லை, தண்ணீரில் தெரிவதை வாசித்துச் சொல்கிற தொனி. அதனால்தான் கொலீட்ஸின் நடுங்குகிறார். அவள் வெளியே போனதும், சதுப்பில் மூழ்கடித்துக் கொன்றுவிடு என்று வேலையாளுக்கு உத்தரவிடுகிறார். அவள் தப்பி வருகிறாள்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று விட்டுப்போனது ஒன்று. நான்காம் அங்கத்தில் கொலீட்ஸினை நாடுகடத்த அழைத்துச் செல்லும்போது, மார்ஃபா குறி சொன்ன அதே மெட்டை இப்போது வாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் குரலை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், வயலின்களுக்கு அடியில் அது ஒலிப்பது போலவே இருக்கிறது. அலுவலகத்துக்குப் போகும் வழியில் இரண்டு முறை கேட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

வாரம் முழுவதும் வேலை. சிதறலாகவே கேட்க முடிந்தது. 1963-இல் முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ ஓபராவில் அமெரிக்கப் பாடகர் ஜார்ஜ் லண்டன் போரிஸாகப் பாட, பல்ஷோய்க் குழுவோடு செய்த பதிவில் ஆர்கிப்போவா மரீனா. பனிப்போர்க் காலத்தில் இப்படியும் ஒரு கூட்டு! 1972-இல் பிரான்சின் ஒராஞ்ச் நகரில், பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில், சொப்ரானோ மோன்செராத் கபாயேவுடன் வெர்தியின் ‘இல் த்ரவதோரே’; அதில் அவர் பழிவாங்கும் தாய் அசுசேனா. 1975-இல் லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கிலும் அதே அசுசேனா வேடம். பட்டங்களையும் விருதுகளையும் அடுக்க மனமில்லை. 4424 என்ற எண்ணுள்ள ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர் இட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

2010-இல் இதே நாளில், மாஸ்கோவில் மறைந்தார்.

இன்றைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது சைக்கோவ்ஸ்கியின் ‘எவ்கேனி ஒனேகின்’, செம்யோன் பிச்கோவ் நடத்திய பதிவு. இதில் நாயகி தத்யானாவின் துடுக்கான தங்கை ஓல்காவாக அடுத்த தலைமுறை மெஸ்ஸோவான ஓல்கா பரதீனா பாடுகிறார். வீட்டுத் தாதி பிலிப்யேவ்னாவாக ஆர்கிப்போவா. 1997-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் முதல்முறையாக மேடையேறியபோதும் இந்தத் தாதி வேடம்தான். அப்போது வயது 72.

காதல் வந்ததுண்டா என்று தத்யானா கேட்க, எங்கள் காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது, பதின்மூன்று வயதில் கட்டிக்கொடுத்தார்கள் என்கிறாள் தாதி. இந்த இடத்தில் குரல் மெலிந்திருப்பது தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு ரஷ்யச் சொல்லும் தனித்தனியாக, பேச்சைப் போல வந்து விழுகிறது. விடியற்காலையில், ஒனேகினுக்கு இரவெல்லாம் எழுதிய காதல் கடிதத்தைத் தத்யானா நீட்டுகிறாள். யாருக்கு என்று தாதிக்குப் புரியவில்லை; அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, எனக்கு வயதாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது என்கிறாள். பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு, பேரனிடம் கொடுத்தனுப்பப் போகிறாள்.